பேட்டரி போச்சா? யார் சொன்னா?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். மூன்றாம் வருஷம். டெபிட், கிரெடிட் தெரியும். ஓம் விதி பத்தாம் வகுப்போடு போச்சு. "காமர்ஸ் படிக்கிறவனுக்கு இன்வெர்ட்டர்ல என்னடா வேலை"ன்னு கேட்கத் துடிக்கும் இஞ்சினியரிங் நண்பர்கள் பதிவைக் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள். தப்பு இருந்தால் திருத்திக்கொள்கிறேன். ஆனால் இது எலக்ட்ரிகல் விஷயம் என்பதைவிட வியாபார விஷயம் என்பதுதான் என் கட்சி.

மேட்டர் இதுதான். நம்ம ஊரில் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தினால் எல்லோரும் சொல்லும் ஒரே வாக்கியம், "பேட்டரி போச்சு, மாத்திடுங்க." கடைக்காரர் சொல்கிறார், பக்கத்து வீட்டு மாமி சொல்கிறார், எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் சொல்கிறார். மீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்னவர் யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. அளக்காமல் சொன்ன இந்தத் தீர்ப்புக்கு நம் ஜனங்கள் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டியவர்களில் ஒருத்தர் என் தாய்மாமா.

மாமாவுக்கு டிரெய்லர் கடை. பழைய லோடு ஆட்டோவுக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிற இரண்டு சக்கர வண்டி. சாயங்காலம் ஆனால் ஜூஸ், ஜிகர்தண்டா, ரோஸ் மில்க். ஒரு நாள் ஒத்தக்கடை, ஒரு நாள் மாட்டுத்தாவணிப் பக்கம், திருவிழா என்றால் திருவிழா நடக்கும் இடம். கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. 150 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று, 12 வோல்ட் இன்வெர்ட்டர் ஒன்று. நாலு எல்.இ.டி. லைட், ஒரு ஃபேன். ரொம்ப நாளாக இது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தை மாசம் மாமா ஒரு மிக்ஸி வாங்கி மாட்டினார். 500 வாட். அதே சமயம் வண்டி பின்பக்கம் பாரமாக இருக்கிறது என்று பேட்டரியை முன்னால் கொக்கிப் பக்கம் நகர்த்தினார். இன்வெர்ட்டர் பின்னால் கவுண்டருக்குக் கீழேயே இருந்துவிட்டது. நடுவில் 4 மீட்டர் தூரம். வீட்டு வயரிங்கில் மிச்சமிருந்த 6 ஸ்கொயர் எம்.எம். வயரை எடுத்து இணைத்துவிட்டார். தடிமனான வயர்தானே, ஏ.சி.க்கே இதைத்தானே போடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அன்றிலிருந்து தொல்லை. லைட் மட்டும் எரிந்தால் ஒன்றும் ஆகாது. மிக்ஸியைப் போட்டால் பீப். ரெண்டு பீப்பில் இன்வெர்ட்டர் கட். டிஸ்பிளேயில் 'லோ பேட்டரி'.

பேட்டரிக் கடைக்குப் போனார். (எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். எல்லாக் கடையும் அதே கடைதான்.) "எத்தனை வருஷம் ஆச்சுண்ணே?" "மூணு." "அப்ப போயிருச்சுண்ணே." அவ்வளவுதான் பரிசோதனை. புது பேட்டரி 15,500 ரூபாய். பழசுக்குக் கொஞ்சம் கழித்தார்கள்.

புது பேட்டரி போட்டதும் சரியாகிவிட்டது போல இருந்தது. இங்கேதான் விஷயமே இருக்கிறது, கவனியுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மிக்ஸி ஜம்மென்று ஓடும். ஒன்பது மணிக்கு மறுபடி பீப். மாமா திரும்பக் கடைக்குப் போனார். வாரண்டியில் செக் பண்ணினார்கள். "பேட்டரி நல்லாத்தான் இருக்குண்ணே. உங்க லோடு ஜாஸ்தி. இன்னொரு பேட்டரி பேரலல்ல போட்டிருங்க." இன்னொரு பதினைந்தாயிரம்!

கையில் பணமில்லை. சித்திரைத் திருவிழா வருகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் எதிர்சேவை. தல்லாகுளம் பக்கம் விடிய விடிய ஜனம். மாமாவுக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம் அந்த ஒரு ராத்திரிதான். தண்டலில் 20,000 எழுதி வாங்கினார். கையில் வந்தது 17,000. தினம் 200 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்டால் "மூவாயிரந்தானேடா வட்டி" என்பார். அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷ வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, தண்டல்காரர் பைக்கில் வருகிறார்.

இரண்டாவது பேட்டரியும் வந்தது. எதிர்சேவை ராத்திரி பதினொன்றரை மணிக்கு அதே பீப். மிக்ஸி நின்றது, லைட் நின்றது. கடையைச் சுற்றி அத்தனை கூட்டம், மாமா செல்போன் டார்ச்சில் சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாப் பயலும் பக்கத்து வண்டிக்குப் போய்விட்டான். பாலும் பாதாம் பிசினும் மிச்சம். நான் அன்றைக்குக் கூட இருந்தேன். மாமா ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறு வாரம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் வேறு ஏதோ வேலையாக வண்டியை விட்டிருந்தோம். பேச்சுவாக்கில் மாமா புலம்பினார். அந்த அண்ணன் ஒன்றும் சொல்லாமல் மீட்டரை எடுத்தார். "மிக்ஸியப் போடுங்கண்ணே." பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தார், 12.1. இன்வெர்ட்டர் முனையில் வைத்துப் பார்த்தார், 10.3. கத்தல், கட்.

"பேட்டரி 12.1 குடுக்குது. இன்வெர்ட்டருக்கு 10.3 தான் போய்ச் சேருது. நடுவுல 1.8 வோல்ட்ட யாரு திங்கிறா?"

வயர்.

பத்து நிமிஷம். அவ்வளவுதான். மூன்று மாதம், இரண்டு பேட்டரி, ஒரு தண்டல், ஒரு திருவிழா, எல்லாம் போனது பத்து நிமிஷ அளவை யாரும் எடுக்காததால்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காமர்ஸ்காரன் போடுகிற கணக்குதான், பயப்பட வேண்டாம். மிக்ஸி, லைட், ஃபேன் சேர்த்து 600 வாட். இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், 85 சதவீதம்தான் வெளியே தரும் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 700 வாட் வர வேண்டும். 12 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 60 ஆம்பியர். வீட்டில் 230 வோல்ட்டில் இதே 600 வாட்டுக்கு 3 ஆம்பியர்கூட வேண்டாம். வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் ஏறும், இதுதான் மொத்தப் பிரச்சினைக்கும் வேர்.

6 ஸ்கொயர் செம்பு வயருக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 3.3 மில்லி ஓம் தடை. போக 4 மீட்டர், வர 4 மீட்டர், ஆக 8 மீட்டருக்கு 26 மில்லி ஓம். 60 ஆம்பியரால் பெருக்குங்கள். ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே காலி. இதோடு நிற்காது. வோல்டேஜ் குறைந்தால் அதே 700 வாட்டை எடுக்க இன்வெர்ட்டர் இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், அதனால் வயரில் இன்னும் விழும். அதுதான் 1.8. நூறு வாட்டுக்கு மேல் வயரைச் சூடாக்கவே போகிறது. கவுண்டரில் ஓடுகிற ஃபேனைவிட அதிகம்! பொதுவாக 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் 10.5 வாக்கில் வந்தால் கட் ஆகிவிடும். பேட்டரி அடியோடு வற்றிப் போகாமல் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் இன்வெர்ட்டர் அளப்பது தன் வாசலுக்கு வந்து சேர்ந்த வோல்டேஜை. பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 'லோ பேட்டரி' என்று அது சொல்வதற்கு "எனக்கு வந்து சேர்ந்தது போதவில்லை" என்பதுதான் அர்த்தம். மொழிபெயர்ப்பில் பேட்டரி மேல் பழி விழுந்துவிட்டது.

ஆறு நிறையத் தண்ணி போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கணும் என்பார்கள். அதேதான். மாமா ஆற்றில் தண்ணீரை இரண்டு மடங்காக்கினார், நாக்கு அதே நாக்கு.

புது பேட்டரி ஏன் ஆறு மணிக்கு ஓடி ஒன்பது மணிக்கு நின்றது என்பதும் இப்போது புரியும். முழுசாக சார்ஜ் ஏறிய பேட்டரி லோடில் பன்னிரண்டரைக்குப் பக்கத்தில் நிற்கும். வயர் தின்றது போக 10.5-க்கு மேலே மயிரிழையில் தப்பிக்கும். கொஞ்சம் இறங்கியதும் கோட்டுக்குக் கீழே போய்விடும். அதாவது பாதி சார்ஜ் பேட்டரிக்குள்ளேயே பத்திரமாக இருக்க, கடை இருட்டில் இருந்தது. இரண்டாவது பேட்டரி செய்ததெல்லாம் அந்த ஒன்பது மணியைப் பதினொன்றரைக்குத் தள்ளிப் போட்டதுதான்.

தீர்வு என்ன? அந்த அண்ணன் இன்வெர்ட்டரைத் தூக்கி பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தார். நடுவில் ஒரு மீட்டர், 25 ஸ்கொயர் கேபிள், ஒழுங்காக கிரிம்ப் பண்ணிய லக், பேட்டரி முனையை ஒட்டி ஒரு ஃபியூஸ். பின்னால் கவுண்டர் வரை 230 வோல்ட் போகட்டும், அதற்குச் சாதாரண வயர் போதும். இப்போது நடுவில் விழுவது 0.1 வோல்ட். சாமான் செலவு 1,400 ரூபாய். அந்த ஃபியூஸ் அதுவரை இல்லவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. சூடேறிய வயர், சுற்றிலும் கூட்டம்.

இனிமேல்தான் சண்டை.

கடைக்காரர் திருடரா? நான் அப்படிச் சொல்லவில்லை. பேட்டரி விற்றால் அவருக்கு லாபம் உண்டு. எக்ஸ்சேஞ்சில் வரும் பழைய பேட்டரியில் ஈயம் இருக்கிறது, அதற்கும் விலை உண்டு. மீட்டர் வைத்துப் பார்த்து "வயரை மாத்துங்கண்ணே, பேட்டரி நல்லா இருக்கு" என்று சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? ஒரு 'தேங்க்ஸ்ப்பா'. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெட்டுப்போகும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார்களை வைத்து எழுதினார், 2001-ல் நோபல் பரிசும் வாங்கினார். அவர் ஒரு தடவை நம்ம ஊர் பேட்டரிக் கடைக்கு வந்திருந்தால் இன்னொரு கட்டுரை எழுதியிருப்பார். நோய் எது என்று சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால், நோய் எப்போதும் அவர் கடையில் மருந்து இருக்கிற நோயாகத்தான் இருக்கும்.

ஆனால் என் கோபத்தில் பெரிய பங்கு நம் மேல்தான். அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் கண்டுபிடித்துச் சொன்னதற்கு 200 ரூபாய் கேட்டார். மாமா என்ன சொன்னார் தெரியுமா? "ஒண்ணுமே மாத்தலயேப்பா, சும்மா தொட்டுப் பாத்ததுக்கு இருநூறா?" 31,000 ரூபாய்க்கு வாய் திறக்காமல் எடுத்துக் கொடுத்த மனுஷன், 200-க்கு பேரம் பேசினார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

நாம் எல்லோருமே இப்படித்தான். கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் காசு கொடுப்போம். கனமாக இருந்தால் இன்னும் சந்தோஷமாகக் கொடுப்போம். "உங்களுக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை" என்று சொல்கிற அறிவுக்கு நயா பைசா கொடுக்க மாட்டோம். பத்து நிமிஷம் அளந்து பார்ப்பவன் பட்டினி கிடப்பான், அளக்காமல் விற்பவன் ஷோரூம் திறப்பான். திறந்தது யார் காசில்?

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். "மூணு வருஷப் பேட்டரி பெரும்பாலும் நிஜமாவே போயிருக்கும் தம்பி, நம்ம வெயிலுக்கு." உண்மைதான். ஈய-அமில பேட்டரிக்குச் சூடு ஆகாது, 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று பொதுவாகச் சொல்வார்கள். மதுரை சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் வைத்தால் அது என்ன செய்யும்? தண்ணீர் ஊற்றாமல் விடுகிறோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து சார்ஜ் போட்டு காலை ஆறு மணிக்குப் பிடுங்கிவிடுகிறோம். 150 ஆம்பியர் அவர் பேட்டரி வற்றிவிட்டால் 15 ஆம்பியரில் நிரப்பப் பத்து மணி நேரத்துக்கு மேலாகும். தினமும் அரைவயிறாக விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டுத்தான் போகும். ஆகவே பேட்டரி போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. போயிருந்தால் அதையும் மீட்டர்தான் சொல்ல வேண்டும், ஜோசியம் சொல்லக்கூடாது என்கிறேன்.

"வியாபார நேரத்துல ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து டெஸ்ட் பண்ண முடியுமா?" முடியாதுதான். காசு வாங்கிக்கொண்டு பண்ணுங்கள். போர்டில் எழுதி வையுங்கள், 'சோதனைக் கட்டணம் 200, பேட்டரி வாங்கினால் கழித்துக்கொள்ளப்படும்' என்று. ஸ்கேன் எடுக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் டாக்டரை ஒத்துக்கொள்வோமா?

இது ஒரு டிரெய்லர் கடையின் கதை மட்டுமில்லை. 2012 ஞாபகம் இருக்கிறதா? நான் மூணாங்கிளாஸ். சென்னையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனபோது மதுரைப் பக்கமெல்லாம் ஒரு நாளில் 12 மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே. தெருவில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது அப்போதுதான். 'பேட்டரி போச்சு' வியாபாரம் வேர் விட்டதும் அப்போதுதான் என்பது என் கணிப்பு. அன்றைய பற்றாக்குறைக்கு உற்பத்தி போதாதது ஒரு காரணம். இன்னொரு காரணம் என்ன தெரியுமா? வயர்! நாட்டின் மற்ற பகுதியில் மின்சாரம் கிடைத்தாலும் தெற்கே கொண்டுவரப் போதிய லைன் இல்லை. கூடங்குளம் முதல் உலை கிரிட்டில் இணைந்தது 2013 அக்டோபரில். ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்து தென்மண்டல கிரிட் மற்றவற்றோடு ஒன்றாக இணைந்தது 2013 டிசம்பர் 31-ல். ஏன் 765 கிலோவோல்ட்? வோல்டேஜை ஏற்றினால் ஆம்பியர் குறையும், வயரில் விழுவது குறையும். எலக்ட்ரீஷியன் அண்ணன் மாமாவின் வண்டியில் செய்த அதே வேலை. மேலூர்ப் பக்கம் லைன் கடைசியில் இருக்கும் தோட்டங்களில் மோட்டார் இழுக்காமல் முனகுவதும் இதே கதைதான். அங்கேயும் "மோட்டாரு போச்சு"ன்னு சொல்ல ஆள் இருக்கும்.

சரி, திட்டியது போதும். உங்கள் வீட்டிலோ கடையிலோ இன்வெர்ட்டர் கத்தினால், பர்ஸைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

1. சார்ஜை நிறுத்தி, லோடு இல்லாமல் ஒரு ராத்திரி விட்டு பேட்டரி முனையில் அளங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள், பேட்டரியை அப்புறம் திட்டலாம்.

2. சார்ஜ் ஆகும்போது அளங்கள். 13.8-லிருந்து 14.4 வாக்கில் வர வேண்டும். ரொம்ப நேரம் ஆகியும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜர் மேல் சந்தேகப்படலாம், பேட்டரிக்குள் ஒரு செல் படுத்திருக்கவும் கூடும்.

3. முழு லோடைப் போட்டு, கத்தும் நேரத்தில் பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் அளங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் குற்றவாளி நடுவில் இருக்கிறான். வயர், லக், பச்சை பூத்த முனை, லூஸ் நட்டு. தொட்டுப் பார்த்தாலே சுடும்.

4. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி விழுந்தால் பேட்டரிதான். தண்ணீர் ஊற்றும் ரகம் என்றால் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். ஐந்து ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதுதான் போன செல். அப்போது மாற்றுங்கள், நானே கூட வருகிறேன்.

5. இரண்டு கம்பியையும் ஒரே ஸ்பேனர் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி கூடாது. பயமாக இருந்தால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் காசு கொடுங்கள்.

வாரண்டியில் போனால் என்ன அளந்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். எழுதிக் கொடுக்க மறுத்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. மாமா போவாரா? மாட்டார். கடையை மூடிவிட்டு வாய்தாவுக்கு அலைந்தால் அன்றைக்குத் தண்டல் யார் கட்டுவது?

தண்டல் முடிந்துவிட்டது. 100 நாள், 100 தடவை 200 ரூபாய். இரண்டாவது பேட்டரி வீட்டில் சும்மா கிடக்கிறது. விற்கலாம் என்றால் அதே கடையில் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். காரணம் கேட்டேன். "யூஸ் பண்ண பேட்டரிதானே தம்பி, எப்படி இருக்குமோ?" என்கிறார்.

அளந்து பார்க்க வேண்டியதுதானே!

டிஸ்கி: எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு மாமா கடைசியில் 150 தான் கொடுத்தார். மிச்சம் 50-ஐ நான் கொடுத்தேன். அடுத்த நாள் மாமாவுக்குத் தெரிந்து, "எதுக்குடா மாப்ள"ன்னு கேட்டுவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டு ஒரு ஸ்பெஷல் ஜிகர்தண்டா போட்டுக் கொடுத்தார். மிக்ஸி கத்தாமல் ஓடியது :)